குளிரறையில் ஒரு நாற்றம்

சித்திரை மாதத்துச் சென்னை வெயிலில் நண்பர் வீட்டுக்குப் போகிறவன், நண்பரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் வீட்டு ஏ.ஸி. யந்திரம் ஓடுகிறதா என்றுதான் பார்க்கிறான். நாமும் அவ்விதமே பார்த்தோம். யந்திரம் ஓடிற்று. ஆனால் அதிலிருந்து வந்த காற்றோ, ஐப்பசி மழையில் மூன்று நாள் காயாமற் கிடந்த வேஷ்டியின் நாற்றத்தைச் சுமந்து வந்தது. அதை மறைப்பதற்காக மூலையில் இரண்டு ஊதுவத்திகள் புகைந்து கொண்டிருந்தன. கட்டிலில் நண்பரின் தாயார் இருமிக் கொண்டிருந்தார். அந்த அம்மாளுக்கு வெகு நாளாக ஆஸ்த்மா.

"மெக்கானிக் வந்து பார்த்தார், ஸார்! காஸ் தீர்ந்துவிட்டதாம். நிரப்பினால் நாற்றம் போய்விடுமாம்" என்றார் நண்பர்.

இந்தக் காஸ் விஷயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். விளக்கில் எண்ணெய் தீர்வது போல் யந்திரத்தில் காஸ் தீருவதில்லை. மூடிய குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கேயோ கசிவு இருக்கிறதென்று அர்த்தம். அதை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் ஜலம் வார்ப்பதாகும். வேஷ்டி நாற்றத்துக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது.

நாற்றத்தின் மூலம் ஈரம். 1902-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் புரூக்லின் பகுதியிலுள்ள அச்சகம் ஒன்றுக்காக வில்லிஸ் காரியர் என்பவர் இவ்வகை யந்திரத்தை வகுத்தபோது, மனிதருக்குக் குளிர்ச்சி தருவது அவர் நோக்கமன்று. காற்றின் ஈரத்தால் காகிதம் நீண்டும் சுருங்கியும் வர்ணங்கள் இடம் மாறி விழுந்தன. அந்த ஈரத்தைப் பிடிப்பதற்காகவே யந்திரம் பிறந்தது. இன்றும் அதன் தொழில் அதுதான். ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல், உள்ளேயுள்ள குளிர்ந்த தகடுகள் வியர்க்கின்றன. கடற்கரைப் பட்டணங்களில் அந்த ஜலம் லிட்டர் கணக்கில் வடியும். ஈரத் தகட்டில் தூசியும், நம் தோலின் செதிளும், தாளிக்கும் எண்ணெய்ப் புகையும் ஒட்டிக் கொள்கின்றன. இருட்டு, ஈரம், ஆகாரம் மூன்றும் கிடைத்த பிறகு பூஞ்சக்காளானும் கிருமிகளும் குடியேறக் கேட்பானேன்? ஊதுவத்திப் புகையும் போய் அதே தகட்டில்தான் படிகிறது. ஆஸ்த்மாக்காரருக்கு அது வேறு தீங்கு.

செய்ய வேண்டியது இது. மெயின் ஸ்விட்சை அணைத்து, முன்மூடியைத் திறந்து, வலை வடிகட்டியை எடுத்துச் சோப்பு ஜலத்தில் கழுவி நிழலில் நன்றாக உலர்த்த வேண்டும். கோடையில் இரு வாரத்துக்கு ஒரு முறையாவது இது அவசியம். தகடுகளையும் உள் விசிறியையும் ஜலம் தேங்கும் தட்டையும் வருஷத்துக்கு ஒரு முறை மெக்கானிக்கைக் கொண்டு ஜலம் பாய்ச்சிக் கழுவிக்கொள்வது நலம். யந்திரத்தை நிறுத்துமுன் கால் மணி நேரம் குளிரின்றி விசிறியை மட்டும் ஓடவிட்டால் தகடு உலரும். இதற்குக் காலணாச் செலவில்லை. ஆகையால்தானோ என்னவோ, ஒருவரும் செய்வதில்லை!

ஒன்றை மட்டும் செய்யவே வேண்டாம். பிளீச்சிங் பௌடரையும் கழிவறை கழுவும் ஆஸிட்டையும் கலந்து உபயோகித்தால் குளோரின் என்னும் விஷ வாயு எழும். மூடிய அறையில் அது உயிருக்கே அபாயம்.

வேறு நாற்றங்களும் உண்டு. சாக்கடை நாற்றமானால், வடிகுழாயின் முனையைக் குளியலறைச் சாக்கடைக்குள் நேரே செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். அழுகல் நாற்றமானால் பல்லியோ சுண்டெலியோ உள்ளே உயிர் விட்டிருக்கலாம். கருகல் நாற்றமானால் ஆராய்ச்சி வேண்டாம். உடனே மெயினை அணைத்து ஆளைக் கூப்பிடுங்கள்.

நண்பர் வீட்டில் மறுநாள் வேறொரு மெக்கானிக் வந்து கழுவினார். முதலில் இறங்கிய இரண்டு வாளி ஜலம் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் இருந்ததாம். தாயார் எட்டிப் பார்த்துவிட்டு, "இதையா இத்தனை நாள் சுவாசித்தேன்?" என்று கேட்டாராம். ஊதுவத்தி ஸ்டாண்டு பூஜை அறைக்குத் திரும்பிவிட்டது.