கல்வராயனுக்குப் பட்ட கடன்

சென்னை ஆபீஸ்களில் உட்கார்ந்து அலுத்துப்போன கள்ளக்குறிச்சிக்காரர்கள் நாம். மனசு விட்டுப்போகும்போதெல்லாம் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறுகிறோம். கோமுகி அணையில் காற்று வாங்கி, பெரியார் அருவியில் தலையை நனைத்து, சின்ன வயதில் ஓடித் திரிந்த இடங்களில் இந்தப் பிழைப்புக்கு ஏதாவது அர்த்தம் தட்டுப்படுகிறதா என்று தேடிவிட்டு, ஞாயிறு இரவு பஸ் ஏறிவிடுகிறோம். அந்த மலையில் குடியிருப்பவர்களைப் பற்றி இத்தனை வருஷத்தில் என்ன விசாரித்தோம்?

சின்ன வயதில் நம் ஊர்ச் சந்தைக்கு மலையாளிப் பழங்குடிப் பெண்கள் வருவார்கள். கடுக்காய், புளி, தேன், சாமை. மூட்டையை இறக்கும்போது சும்மாட்டுத் துணி வேர்வையில் ஊறி நெற்றியோடு ஒட்டியிருக்கும். வியாபாரி படியைக் கூம்பாகக் குவித்து அளந்து வாங்குவார். நம் வீட்டுப் பெரியவர்கள் அதற்கு மேலும் பேரம் பேசுவார்கள். இருட்டுமுன் மலையேற வேண்டுமே என்று கொடுத்ததை வாங்கிக்கொண்டு அந்தப் பெண்கள் கிளம்பிவிடுவார்கள். அவர்களுடைய அவசரம்தான் நம் லாபம். அதைச் சாமர்த்தியம் என்று வீட்டில் மெச்சிக்கொண்டோம்.

1947-ல் நமக்கு வந்த சுதந்திரம் அந்த மலை ஏறவில்லை. மலையை ஆண்ட ஜாகீர்தார்களுக்கு வரி கட்டி, கூலியில்லாமல் வெட்டிவேலை செய்து கிடந்தவர்களை 1976 ஜூன் 25 அன்றுதான் அரசு தன் பொறுப்பில் எடுத்தது. ஓட்டுரிமை 1996-ல்தான் கிடைத்தது என்று உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை என்று நாம் தப்பிக்க முடியாது. வளர்ந்த பிறகும் கேட்கவில்லையே.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனபோது கலெக்டர் ஆபீஸ் எங்கே வரும், மனை விலை எவ்வளவு ஏறும் என்பதே நம் பேச்சு. ரோடில்லாத மலையூரில் பிரசவ வலி எடுத்தவளை டோலி கட்டித் தூக்கி வருவதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். மெத்தனால் மலையில் விளைகிற சரக்கு அல்ல, ஆலையில் தயாராகும் ரசாயனம். ஆனாலும் பழியை மலைமேல் போட்டு நாமும் வாய் கூசாமல் பேசினோம். அந்தச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலைமக்களின் நிலைமையை வழக்காக எடுத்தது. ரோடு எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்று நீதிபதிகள் கேட்டார்கள். பக்கத்தில் பிறந்து வளர்ந்த நாம் எப்போதோ கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவை. நம்மில் அரசு வேலையில் இருப்பவர்கள் உண்டு, பத்திரிகையில் எழுதுபவர்கள் உண்டு. மனுவாக ஒரு தாள் எழுதக்கூட நமக்குத் தோன்றவில்லை.

வெளியூரில் பிழைத்துக்கொண்டு ஊருக்கு ஏங்குவது நமக்கு மட்டுமே உள்ள வலி என்று நினைத்துவிட்டோம். கூலிக்குச் செம்மரம் வெட்டப் போய் ஆந்திரச் சிறைகளில் அடைபட்டவர்களில் இந்த மலைப் பையன்களும் உண்டு. ஜாமீனுக்கு வக்கீல் தேடி அலைந்த அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் நாம் அருவிக்குப் போய் வந்தோம்.