மோதிரத்துக்கு மனம் தெரியாது

விரலில் போட்டால் நிறம் மாறும் மூட் மோதிரம் வாங்கினால் கூடவே ஒரு சின்ன அட்டை தருவார்கள். கறுப்பு என்றால் மன அழுத்தம், பழுப்பு என்றால் பதற்றம், பச்சை சாதாரண நிலை, நீலம் அமைதி, ஊதா காதல். இன்னொரு கடையில் வாங்கினால் அட்டையில் வேறு அர்த்தம் இருக்கும். அது தனிக் கதை. விளையாட்டுப் பொருள்தானே, இதற்கு ஒரு கண்டனமா என்று கேட்கலாம். ஆனால் விளையாட்டு என்று ஒப்புக்கொள்கிறவர்களே அடுத்த மூச்சில், "இருந்தாலும் இதில் கொஞ்சம் சயின்ஸ் இருக்கிறது" என்கிறார்கள். என் வழக்கு அந்தக் 'கொஞ்சத்தின்' மேல்தான். முழுப் பொய்யை யாரும் பிடித்துவிடலாம். அரை உண்மைதான் படித்தவரையும் கவிழ்க்கும்.

இருக்கிற சயின்ஸ் என்ன என்று பார்ப்போம். 1888இல் பிராக் நகரில் பிரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர், கொலஸ்ட்ராலிலிருந்து பெறப்பட்ட ஒரு பொருளைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். அது இரண்டு முறை உருகியது. சுமார் 145 டிகிரி செல்சியஸில் கலங்கிய திரவமானது; 178 டிகிரி தாண்டியதும் தெளிந்தது. இடைப்பட்ட அந்தக் கலங்கல் நிலைக்குத்தான் பின்னால் திரவப் படிகம் என்று பெயர் வந்தது. மோதிரத்துக்குள் இருக்கும் இந்த வகைப் படிகத்தில் மூலக்கூறுகள் அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கும் சற்றே திரும்பி, சுழற்படிக்கட்டு போல அமைந்திருக்கும். ஒரு முழுச் சுற்றின் நீளம் எவ்வளவோ அதற்கேற்ற நிற ஒளியை மட்டும் அது திருப்பி அனுப்பும். சூடு ஏற ஏறச் சுற்று குறுகும்; நிறம் சிவப்பிலிருந்து மஞ்சள், பச்சை வழியாக நீலத்துக்குப் போகும். குறிப்பிட்ட வெப்ப வரம்புக்கு வெளியே போனால் நிறமே தெரியாது. அடியில் இருக்கும் கறுப்புப் பூச்சுதான் கண்ணில் படும். அட்டை 'மன அழுத்தம்' என்று சொல்கிற கறுப்பு இதுதான்.

1960களில் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் பெர்கசன் இதை வெப்பம் அளக்கப் பயன்படுத்தினார். நெற்றியில் ஒட்டிக் காய்ச்சல் பார்க்கும் பட்டை, மீன் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டும் தெர்மாமீட்டர் எல்லாம் இந்தக் குடும்பம்தான். இவை தம் வேலையை ஒழுங்காகச் செய்கின்றன. மீன் கவலையாக இருக்கிறதா என்று தொட்டிப் பட்டையிடம் யாரும் கேட்பதில்லை. 1975இல் நியூயார்க்கில் ஜோஷ் ரெனால்ட்ஸ் அதே பொருளைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து மோதிரமாக்கினார். பெரிய கடைகளில் வெள்ளி மோதிரம் 45 டாலருக்கு விற்றது. படிகத்தில் எந்த மாற்றமும் இல்லை. புதிதாகச் சேர்ந்தது அந்த அட்டை மட்டும்தான்.

ஆதரவாளர்களின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். பயம் வந்தால் கை சில்லிடுகிறதே, அது உண்மையில்லையா? உண்மைதான். பதற்றத்தில் நரம்பு மண்டலம் விரல்களின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், சூடு குறையும். விரல் வெப்பத்தைக் காட்டிக் காட்டியே உடலைத் தளர்த்தப் பழக்கும் சிகிச்சைமுறையும் உண்டு. சரி, விரலைச் சில்லிட வைப்பது பதற்றம் ஒன்றுதானா? ஏசி அறை செய்யும். ஐஸ் போட்ட ஜூஸ் டம்ளர் செய்யும். ஒரு சிகரெட் செய்யும்: நிக்கோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்குவதால், 'ரிலாக்ஸ்' ஆவதற்காகப் புகைக்கிறவரின் மோதிரம் டென்ஷனை நோக்கிப் போகும். ரேனாட் கோளாறு உள்ளவர்களுக்கு லேசான குளிரிலேயே விரல் வெளுத்துச் சில்லிட்டுவிடும். அட்டைப்படி அவர்கள் ஓயாத கவலைக்காரர்கள். மே மாதம் சென்னையில், நிழற்குடை இல்லாத நிறுத்தத்தில் பேருந்துக்குக் காத்திருப்பவர் விரலிலோ அது நீலமும் ஊதாவும் காட்டும். அந்த நேரத்தில் அவர் மனத்தில் அமைதியும் காதலும் பொங்குகின்றன என்று நம்ப வேண்டும்!

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. 1983இல் பால் எக்மன், ராபர்ட் லெவன்சன், வாலஸ் பிரீசன் மூவரும் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெவ்வேறு உணர்ச்சிகளின்போது உடல் என்ன செய்கிறது என்று அளந்ததில், பயத்திலும் கோபத்திலும் இதயம் வேகமாகத் துடித்தது. விரல் வெப்பம் மட்டும் கோபத்தில் தெளிவாக ஏறியது. அட்டையில் வைத்துப் பாருங்கள். சூடான விரல் என்றால் நீலம், நீலம் என்றால் அமைதி. அடிக்கக் கை ஓங்குகிறவனை இந்த மோதிரம் சாந்த சொரூபி என்று சொல்லும். அந்த ஆய்வின் வேறுபாடுகளே எல்லோருக்கும் பொருந்துமா என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. ஒரே உணர்ச்சி ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் உடலில் வெவ்வேறாகத் தெரிகிறது என்கிறார்கள் லிசா பெல்ட்மன் பாரெட் போன்ற ஆய்வாளர்கள். ஆய்வுக்கூடத்தில் தீராத கேள்விக்கு அட்டை ஐந்தே நிறத்தில் பதில் சொல்லிவிடுகிறது.

பிறகு ஏன் பலருக்கும் 'சரியாகச் சொல்கிறது' என்று தோன்றுகிறது? 1948இல் பெர்ட்ரம் போரர் என்ற உளவியல் பேராசிரியர் மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்து, உங்கள் குணத்தின் கணிப்பு இது என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டார்கள் மாணவர்கள். எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகம். சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்துத் தொகுத்தது. 'சற்றுப் பதற்றம்' என்று யாரிடம் சொன்னாலும் ஏதோ ஒன்று நினைவுக்கு வரத்தான் செய்யும்.

மோதிரத்தோடு இது முடிந்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். உடலில் ஒன்றை அளந்து மனத்தில் ஒன்றை அறிவிக்கும் இதே தாவல், பொய் கண்டறியும் கருவியிலும் இருக்கிறது. ரத்த அழுத்தம், மூச்சு, வியர்வை ஆகியவற்றை அது அளக்கிறது, பொய்யை அளப்பதில்லை. சம்மதமில்லாமல் ஒருவருக்கு அந்தச் சோதனையை நடத்தக் கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் இதயத் துடிப்புகளின் இடைவெளியைக் கணக்கிட்டு 'ஸ்ட்ரெஸ்' என்று எண் போடுகிறது. காய்ச்சலும் மதுவும் தூக்கமின்மையும்கூட அந்த எண்ணை மாற்றும். அளவு சரியாக இருக்கலாம், சூட்டிய பெயர்தான் தவறு. வேலையாட்களின் மனநிலையை இப்படி எண்ணாகப் பார்த்து முடிவெடுக்க ஒரு மேலாளர் கிளம்பினால், அவர் கையில் இருப்பதும் அந்த அட்டையின் மறுபதிப்புதான்.

பிள்ளைகள் மூட் மோதிரம் கேட்டால் வாங்கிக் கொடுங்கள். அட்டையை மட்டும் கிழித்துப் போடுங்கள். மோதிரத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, வெதுவெதுப்பான நீருள்ள கிண்ணத்தில் அமிழ்த்தி, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரை வைத்து, எத்தனை டிகிரியில் என்ன நிறம் என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள். பை ஒழுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே நீர் புகுந்தால் படிகம் கெட்டு மோதிரம் கறுப்பாகவே நின்றுவிடும்.