பதின்மூவர் குடித்தனம்

ஒயினுக்கு ஒரே திராட்சை போதாதா என்று கேட்காதீர்கள், சகோதரிகளே! தென் பிரான்ஸில், ரோன் நதிப் பள்ளத்தாக்கிலுள்ள ஷாட்டோநெஃப்-டு-பாப் என்ற ஊரின் சிவப்பு ஒயினில் 13 ஜாதித் திராட்சைகள் வரை சேரலாம். கிரெனாஷ்தான் வீட்டுக்கு மூத்தவள். பழ ருசியும் வீரியமும் அவள் கொண்டுவந்த சீதனம். நிறமும் மிளகு வாசனையும் சிராவுடையவை. மூர்வேத்ர் சற்று முரடு. ஆனால் அவள் சேர்ந்தால் ஒயின் நெடுநாள் தாங்கும். (1954-ல் இவ்வூர் மேயர், பறக்கும் தட்டுகள் தோட்டங்களில் இறங்கக்கூடாதென்று உத்தரவே போட்டார். அத்தனை அருமை!)

ஆல்கஹால் பெரும்பாலும் 14 சதவீதத்துக்குக் குறையாது. மெல்லிய மீன் இதன் முன் நிற்குமா? பூண்டும் மூலிகையும் சேர்த்து நிதானமாக வேகவைத்த ஆட்டிறைச்சிதான் சரியான ஜோடி. அதன் கொழுப்பு ஒயினின் துவர்ப்பை அடக்கிவிடும். மிளகாய்க் காரம் மட்டும் ஆகவே ஆகாது. நாக்கு எரிச்சல் இன்னும் கூடும்!