யார் கைக்கு ஏற்ற இயந்திரம்?

2026ஆம் ஆண்டைப் பன்னாட்டுப் பெண் விவசாயிகள் ஆண்டாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அறிவித்தது. இதன் பொருள் புரிய நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. சங்கரன்கோவில் பகுதியின் கரிசல் காடுகளில் உளுந்தைக் குனிந்து பிடுங்குவதும், மக்காச்சோளக் கருது ஒடிப்பதும், பருத்தி எடுப்பதும் பெரும்பாலும் பெண்களே. பருத்திக் காய்கள் ஒரே நாளில் வெடிப்பதில்லை. ஒரே காட்டுக்குள் பல தடவை இறங்க வேண்டும்.

அறுவடைக்கு ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள் சம்சாரிகள். கூலி போதவில்லை என்கிறார்கள் வேலைக்குப் போகிறவர்கள். இரண்டும் உண்மைதான். இந்த இடைவெளியில்தான் பெரிய அறுவடை இயந்திரங்கள் வந்து சேர்கின்றன.

அவை யாருக்காகச் செய்யப்பட்டவை? 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 எக்டேர். அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. துண்டு நிலத்தில் பெரிய இயந்திரம் திரும்பவே இடம் போதாது. வாடகையோ மணிக்கணக்கில் ஓடும். ஈரம் காயாத கரிசலில் சக்கரம் புதையும், எடையால் மண் இறுகும். மாட்டுக்கு ஆக வேண்டிய தட்டையும் நொறுங்கிப் போகும்.

இயந்திரமே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம், மக்காச்சோளம் உதிர்க்க ஓர் எளிய கைக்கருவியை உருவாக்கியது. உட்புறம் பட்டைகள் வைத்த சிறு இரும்புக் குழாய், அவ்வளவுதான். குழாயை ஒரு கையிலும் கருதை மறு கையிலும் பிடித்துத் திருகினால் மணி உதிரும். எரிபொருள் தேவையில்லை, பழுதாவதற்கும் அதில் ஒன்றுமில்லை. ஏக்கர் கணக்கில் விளைந்ததற்கு அது போதாது. ஆனால் முதலில் கையைப் பார்த்து, பிறகு கருவியைச் செய்த நல்ல சிந்தனை அதில் இருக்கிறது.

மோட்டார் வைத்துத் தோளில் மாட்டி அறுக்கும் கருவிகளில் இந்தச் சிந்தனை குறைவு. அவற்றின் எடை, அதிர்வு, தோள்பட்டையின் நீளம், கைப்பிடியின் பருமன் எல்லாம் பெரும்பாலும் ஆண்களின் உடலையே அளவாகக் கொண்டவை. எனவே கருவி வந்ததும் வேலை ஆணின் கைக்கு மாறுகிறது. குனிந்த பெண்ணை நிமிர வைக்க வேண்டிய கருவி, அவளைக் காட்டைவிட்டே வெளியேற்றிவிடுகிறது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில், மனித உழைப்பின் இடத்தைத் தொழில்நுட்பம் மேன்மேலும் பிடித்துக்கொள்வது மனிதகுலத்திற்குக் கேடு என்று எச்சரித்தார். உலக மக்களில் பெரும்பாலோருக்கு உணவளிப்பது சிறு உற்பத்தியாளர்களே என்றும் நினைவூட்டினார்.

அரசு உதவி இல்லாமலில்லை. 2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம், சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் கருவி விலையில் பாதிவரை மானியம் தர வழிவகுத்தது. மீதிப் பாதிக்கு ஏழைச் சம்சாரி எங்கே போவார்? ஆளுக்கொரு இயந்திரம் வாங்குவது தீர்வாகாது. வாடகை மையங்களுக்கும் இத்திட்டத்தில் இடமுண்டு. அவற்றைக் கூலிக்குப் போகும் பெண்களின் சுயஉதவிக் குழுக்களே நடத்தினால், இயந்திரம் பறிக்கும் கூலி வாடகையாக அவர்களிடமே திரும்பும்.

கருவியைச் செய்பவர்கள், விற்பனைக்கு முன் அதை இப்பெண்களின் கையில் கொடுத்து ஒருநாள் முழுவதும் வேலை செய்யச் சொல்லட்டும். பழுதானால் சங்கரன்கோவில் பட்டறையிலேயே சரிசெய்ய முடியட்டும். நம் பங்குகளில் உள்ள மகளிர் குழுக்களும் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தின் படியேறிக் கேட்கட்டும். அறுவடையின் பலன் அறுத்தவர்களின் வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டாமா? சிந்திப்போம், செயல்படுவோம்.