முள்ளைப் பார்க்காதீர்கள், விதையைப் பாருங்கள்

வீட்டைச் சுற்றி முள்செடி முளைத்தால் நம் ஊரில் உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். முதல் கட்சி, "பூச்சி பொட்டு வரும், குழந்தை காலில் குத்தும்" என்று எல்லாவற்றையும் செதுக்கித் தள்ளும். அதோடு நிற்காமல் வாசலிலிருந்து கொல்லை வரை சிமெண்டும் போட்டுவிடும். இரண்டாவது கட்சி, "அது மூலிகைங்க, கை வைக்காதீங்க" என்று நெருஞ்சியைக்கூடக் கும்பிடும். நான் இரண்டிலும் இல்லை.

என் வாதம் இதுதான். முள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். மூலிகையா என்றும் பார்க்க வேண்டாம். அந்தச் செடியின் விதை எங்கே போகும், யாரைப் போய்ச் சேரும் என்று பாருங்கள். வைப்பதா பிடுங்குவதா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

நெருஞ்சியை எடுத்துக்கொள்வோம். தரையோடு படரும், ஐந்து இதழ் மஞ்சள் பூ, பார்க்க அழகுதான். ஆனால் காய் முற்றினால் ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் கூரான முள். செருப்பின் அடியிலும் சைக்கிள் டயரிலும் ஏறிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடும். ஒரு துண்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட விதைகள் இருக்கும். எல்லாம் ஒரே மழைக்கு முளைக்காது, சிலது வருடக்கணக்கில் மண்ணில் காத்திருக்கும். இந்த வருடம் சோம்பலில் விட்ட ஒரு செடிக்கு அடுத்த சில வருடங்கள் வட்டி கட்ட வேண்டும் என்று அர்த்தம். நெருஞ்சியும் கண்டங்கத்திரியும் தசமூலத்தில் சேர்ந்தவை, மறுக்கவில்லை. தசமூலம் வேண்டுமென்றால் நாட்டு மருந்துக் கடை இருக்கிறது. பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் வாசலில் எதற்கு நெருஞ்சி?

அடுத்தது பிரம்மதண்டு. காலி மனைகளில் பார்த்திருப்பீர்கள். வெள்ளை நரம்போடிய முள் இலை, மஞ்சள் பூ, கிள்ளினால் மஞ்சள் பால். குடியோட்டிப்பூண்டு என்றும் பெயர் உண்டு. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த செடி. அதன் விதை கிட்டத்தட்ட கடுகு மாதிரியே இருக்கும். பிரச்சினையே அங்கேதான். 1998ல் டெல்லியில் கடுகெண்ணெயில் இந்த விதையின் எண்ணெய் கலந்துவிட்டது. கால் வீங்கி, மூச்சு முட்டி, இதயம் வரை பாதிக்கும் 'டிராப்ஸி' நோய் வந்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தச் செடிக்கு என் தீர்ப்பு ஒன்றுதான்: பார்த்தவுடன் பிடுங்கு.

முள்ளே இல்லாத தோட்டம் வேண்டும் என்கிறேனா? இல்லவே இல்லை. தூதுவளையிலும்தான் முள். கொக்கி மாதிரி சட்டையைப் பிடித்து இழுக்கும். முற்றிய தண்டில் ஒரு துண்டை வெட்டித் தொட்டியில் ஊன்றி, ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டால் போதும். சளி பிடித்த வீட்டில் ரசத்துக்கும் துவையலுக்கும் இலை பறித்துக்கொண்டே இருப்பதால் அது கட்டுக்குள் நிற்கும். இலை நரம்பில் இருக்கும் முள்ளை மட்டும் எடுத்துவிட்டு வதக்குங்கள். நடைபாதை ஓரம் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

முள்ளுக்கீரை இரண்டுக்கும் நடுவில். பூ வருவதற்கு முன் இளசாகப் பறித்தால் களையெடுப்பும் ஆயிற்று, பொரியலும் ஆயிற்று :-) விட்டுவிட்டால் ஆயிரக்கணக்கில் விதை கொட்டும்.

சப்பாத்திக்கள்ளிக்கு விதைகூடத் தேவையில்லை. உடைந்து விழுந்த மட்டையே வேர் விடும். வெளிநாட்டிலிருந்து வந்து, வேலிக்கும் வைக்கப்பட்ட இந்தக் கள்ளி தென்னிந்தியாவில் நிலம் நிலமாகப் பரவி, கடைசியில் 1926ல் அதைத் தின்னும் ஒரு பூச்சியை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டுத்தான் அடக்கினார்கள். ஆசைக்கு வளர்ப்பவர்கள் தொட்டியோடு நிறுத்துங்கள். வெட்டிய மட்டையைக் காலி மனையில் வீசாதீர்கள்.

சரி, எப்படிப் பிடுங்குவது? மழை விட்ட மறுநாள், மண் இளகியிருக்கும்போது, கையில் கோணித்துணியைச் சுற்றிக்கொண்டு வேரோடு இழுங்கள். வராவிட்டால் களைக்கொத்தி. மேலே மட்டும் அறுத்தால் மறுபடி தழைக்கும். காய் விட்ட செடியை உரக்குழியில் போடாதீர்கள். வீட்டு உரக்குழியின் சூடு விதையைக் கொல்லும் என்று நம்ப முடியாது. பிடுங்கிய இடத்தைச் சருகு போட்டு மூடினால் புது முளை குறையும். உப்பைக் கொட்டினால் களையோடு மண்ணும் கெடும். களைக்கொல்லியிலும் அவசரம் வேண்டாம். கிளைபோசேட்டைக் கண்டவர் கையாளக்கூடாது என்று மத்திய அரசே 2022 அக்டோபரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

சிமெண்ட் கட்சிக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2003ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். நாலு நெருஞ்சிக்குப் பயந்து மண் முழுவதையும் மூடுவது, பெய்யும் தண்ணீரைத் தெருவுக்கு அனுப்பிவிட்டு லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கிற வேலை. இதைவிட நஷ்டக் கணக்கு இருக்க முடியாது.

முள்மரத்தை இளசிலேயே வெட்டிவிடச் சொன்னவர் வள்ளுவர் (குறள் 879). அவர் பேசியது பகையைப் பற்றி. ஆனாலும் கொல்லைக்கு அப்படியே பொருந்துகிறது. அடுத்த மழை விட்டதும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பூவோடு இருக்கும்போதே நெருஞ்சியையும் பிரம்மதண்டையும் பிடுங்கிவிட்டு, அதே இடத்தில் ஒரு தூதுவளைத் தொட்டி வையுங்கள். உங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துச் செய்த வேலை அது.