ஐயம் குற்றமன்று

கைக்குழந்தையுடன் கிளினிக்கிற்கு வரும் தாய், “இந்த ஊசி பாதுகாப்பானதா?” என்று கேட்பது அவளது உரிமை. அதட்டல் அதற்குப் பதிலாகாது.

2008 ஜனவரியில், ஐந்து நோய்களைத் தடுக்கும் கூட்டூசி இலங்கையில் அறிமுகமாயிற்று. ஏற்றியபின் சில குழந்தைகள் இறந்ததாகச் செய்தி வரவே, ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. சுயாதீன நிபுணர்கள் ஆராய்ந்து, அம்மரணங்களுக்கு ஊசி காரணமாயிருத்தல் அரிது என்று முடிவுகண்டனர். 2010இல் அது மீண்டும் வழங்கப்பட்டது. ஊசிக்குப்பின் நேர்ந்ததெல்லாம் ஊசியால் நேர்ந்ததாகாது. சாட்சியங்களை ஆராய்ந்தே தீர்ப்பளிக்க வேண்டும்.

வதந்தியோ விசாரணையின்றியே தீர்ப்பளித்துப் படலைக்குப் படலை செல்கிறது. தண்டனை குழந்தைக்கே. இலங்கையில் ஒழிந்துவிட்டதென 2019இல் சான்றளிக்கப்பட்ட சின்னமுத்து, 2023இல் மீண்டும் தலைகாட்டியதை மறத்தலாகாது. யுத்த காலத்திலும் போலியோச் சொட்டுமருந்துக்காக வடக்கில் துவக்குகள் ஓய்ந்த நாட்கள் உண்டு. அவ்வாறு பேணிய காப்பை வெறும் வதந்திக்குப் பலியிடலாமா?

சுகாதாரப் பகுதியினரே! ஊசியின் பயனையும் பக்கவிளைவையும் தாய்மொழியில், ஒளிவுமறைவின்றி விளக்குங்கள். பெற்றோரே! முன்னைய ஊசியால் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள், ஐயங்களைக் கேளுங்கள், விடை பெற்றபின் தாமதியாது ஊசியை ஏற்றுவியுங்கள். கேட்டுத் தெளிவது அறிவு. கேளாமலே மறுப்பது பிள்ளைக்கு இழைக்கும் அநீதி.