கணக்குக் கேட்காத கரை

ராமர் பாலத்தை வெட்டலாமா கூடாதா என்று சண்டை போட்டோம். அங்கே கால்வாய் தோண்டப் போன பணத்தைப் பற்றி நாங்கள் வாய் திறக்கவில்லை. 2005 ஜூலை 2 அன்று மதுரையில் மன்மோகன் சிங் சேதுசமுத்திரக் கப்பல் கால்வாய்த் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மதிப்பீடு 2,427 கோடி ரூபாய். அதில் 1,456 கோடியைக் கடனாகத் திரட்டுவதாக ஏற்பாடு. 2007-ல் உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டது, 2009-ல் தூர்வாரும் வேலை அடியோடு நின்றது. அதற்குள் பல நூறு கோடி செலவாகியிருந்தது. தோண்டிய வாய்க்காலைத் தொடர்ந்து பராமரிக்காவிட்டால் வண்டல் மூடிவிடும் என்பது கடலோரத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. 2023 ஜனவரியில் திட்டத்தை மீண்டும் கோரிச் சட்டமன்றம் தீர்மானம் போட்டபோதும், பழைய கட்சி கட்டிக்கொண்டு பழைய சண்டையையே போட்டோம்.

2017 ஜூலையில் மண்டபத்துக் கூட்டத்தில் பிரதமர் ஆழ்கடல் படகுகளுக்கான ஆணைகளைக் கொடுத்தபோது கை தட்டினோம். இழுவைமடி விசைப்படகைக் கைவிட்டுச் சூரை பிடிக்கப் போக வேண்டும். படகு ஒன்றுக்கு 80 லட்சம். பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் வங்கிக் கடன், 10 சதவீதம் மீனவர் பங்கு. மூன்றாண்டில் 2,000 படகு, 1,600 கோடி ரூபாய் என்றார்கள். மூன்றாண்டு கழிந்தபோது கடலில் இறங்கியவை நூறைக்கூட எட்டவில்லை. இலங்கையின் நெடுந்தீவுப் பக்கம் நம் பிள்ளைகள் சிறைப்பட்ட ஒவ்வொரு முறையும் மறியல் செய்தோம், அது தேவைதான். அந்த 1,600 கோடியில் எவ்வளவு இறங்கியது, மீதி ஏன் இறங்கவில்லை என்று ஒரு மனுவாவது சங்கங்கள் சேர்ந்து போட்டு, விடாமல் பின்தொடர்ந்திருக்க வேண்டும்.

2021 ஆகஸ்டில் அன்றைய மாநில நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் அரசின் நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வைத்தார். குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்றது அது. எந்தக் கட்சி வாங்கிய கடன் என்பதோடு எங்கள் பேச்சு முடிந்தது. அரசு கடன் வாங்குவது பாவமில்லை. 1914-ல் பாம்பனில் போட்ட பாலம் நூறாண்டுக்கு மேல் ரயிலைச் சுமந்தது; அப்படிப்பட்ட ஒன்றுக்குக் கடன் வாங்கினால் பேரப்பிள்ளைகள் வட்டி கட்டுவதிலும் நியாயமுண்டு. அந்த அறிக்கை காட்டிய நோய் வேறு: வருவாய்ப் பற்றாக்குறை. அன்றாடச் செலவுக்கே கடன். பணம் முடையானால் முதலில் வெட்டுப்படுவது பராமரிப்புதான், ஏனென்றால் தூர்வாரிய கண்மாய்க்குத் திறப்பு விழா கிடையாது. புதிய கட்டடம் கேட்டுத்தான் நாங்களும் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனோம். மடை சீர்செய்யச் சொல்லிப் போனவர்கள் குறைவு. அதை எம்.எல்.ஏ.க்களும் புரிந்துகொண்டார்கள்.

ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைந்த கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. வரும் மே தினக் கிராம சபையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பக் கூடாது. நம் கண்மாய்க்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, எந்த மடை பாக்கி என்று வாசிக்கச் சொல்ல வேண்டும். பதில் இல்லையென்றால், இல்லை என்பதையே தீர்மானத்தில் எழுதவைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.